யோசிக்க நேரம் தராத வகுப்பறைகள்

தமிழ்நாடு அரசின் அறிவியல் பாடநூலில் ஏதாவது ஒரு பாடத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். சரியான விடையைத் தேர்ந்தெடு, கோடிட்ட இடத்தை நிரப்பு, பொருத்துக, சுருக்கமாக விடையளி, விரிவாக விடையளி என்று வரிசையாக வந்து, எல்லாவற்றுக்கும் கீழே ‘உயர் சிந்தனை வினாக்கள்’ என்ற தலைப்பில் இரண்டோ மூன்றோ கேள்விகள் இருக்கும். 2018 முதல் படிப்படியாக வெளிவந்த புதிய பாடநூல்களின் நல்ல அம்சங்களில் இதுவும் ஒன்று. பாடத்தில் நேரடியாக விடை கிடைக்காது. மாணவர் தானே யோசித்துத்தான் எழுத வேண்டும்.

நடைமுறையில் அந்தக் கேள்விகளுக்கு என்ன நேர்கிறது? புதிய பாடநூல் கைக்கு வந்த கொஞ்ச நாளில் கைடும் கடைக்கு வந்துவிடுகிறது. உயர் சிந்தனை வினாவுக்கும் அதில் நான்கு வரியில் விடை அச்சாகியிருக்கிறது. பல வகுப்புகளில் அந்த நான்கு வரி அப்படியே கரும்பலகைக்கு வருகிறது, அங்கிருந்து நோட்டுக்குப் போகிறது, தேர்வுக்கு முதல் நாள் மனப்பாடம் ஆகிறது. யோசிக்கச் சொன்ன கேள்வி, ஒப்பிக்க வேண்டிய இன்னொரு பதிலாக முடிந்துவிடுகிறது.

பாடநூலை எழுதியவர்கள் தங்கள் வேலையைச் செய்துவிட்டார்கள். கேள்விக்கும் விடைக்கும் நடுவில் மாணவருக்குக் கிடைக்க வேண்டிய நேரமும் பேச்சும்தான் வகுப்பறையில் காணாமல்போயிருக்கின்றன. அவற்றை மீட்காமல் எத்தனை பாடநூல்களைத் திருத்தினாலும் சிந்தனைத் திறன் வளராது.

ஒரே வகைக் கேள்வி

வினா ஆறு வகை என்று நன்னூல் சொல்வதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். தனக்கு விடை தெரிந்திருந்தும், எதிரில் இருப்பவருக்குத் தெரியுமா என்று அறியக் கேட்பது அறிவினா. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. இதுவா அதுவா என்று குழம்பிக் கேட்பது ஐய வினா. கொளல், கொடை, ஏவல் மற்ற மூன்று. நம் வகுப்பறை ஒன்றில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, கேட்கப்படும் கேள்விகளை இந்த ஆறில் வகைபிரித்துப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாமே அறிவினாவாக இருக்கும். கேட்பவர் ஆசிரியர்; விடை அவருக்கு முன்பே தெரியும்; மாணவரின் வேலை அந்த விடையை ஊகித்துச் சொல்வது. அறியா வினாவும் ஐய வினாவும் மாணவர் வாயிலிருந்து வர வேண்டியவை. அவை வருவதற்கு வகுப்பில் வழியே இல்லை. “டவுட் இருக்கா?” என்று பீரியட் முடிகிற நேரத்தில் கேட்டால், “இல்ல சார்” என்றுதான் பதில் வரும்.

அறிவினா தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. பாடம் புரிந்ததா என்று பார்க்க அது வேண்டும். ஆனால், அதோடு நின்றுவிட்டால் மாணவர் கற்றுக்கொள்வது, விடை எப்போதும் இன்னொருவரிடம் இருக்கும் என்ற ஒன்றை மட்டும்தான்.

மூன்று விநாடி

அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ, வகுப்பறைப் பேச்சை ஒலிப்பதிவு செய்து விநாடிக் கணக்கில் ஆராய்ந்தவர். அவருடைய ஆய்வு முடிவுகள் 1970-களில் வெளிவந்தன. கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார். அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்த மாணவரைக் கேட்கிறார், அல்லது தானே விடையைச் சொல்லிவிடுகிறார். அந்த ஒரு விநாடியை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது வகுப்பே மாறியது. பதில்கள் நீண்டன. ‘தெரியாது’ என்பது குறைந்தது. வழக்கமாக வாய் திறக்காத மாணவர்கள் பேசினார்கள். மாணவர்கள் கேட்கும் கேள்விகளும் கூடின. மாணவர் பதில் சொல்லி முடித்ததும் உடனே ‘சரி’, ‘தப்பு’ என்று தீர்ப்புச் சொல்லாமல் இன்னொரு மூன்று விநாடி பொறுத்தால், அவரே தன் பதிலை நீட்டி, காரணம் சேர்த்து, சில நேரம் திருத்தியும் சொல்வதை ரோ பதிவுசெய்தார்.

இதற்குச் செலவு கிடையாது. ஒரு பீரியடில் பத்துக் கேள்விகளுக்கு மூன்று மூன்று விநாடி காத்திருந்தால் மொத்தம் அரை நிமிடம். ஆனால், நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் மூன்று விநாடி மௌனத்தைத் தாங்குவது லேசான காரியம் அல்ல. ‘பாடம் நடக்கவில்லை’ என்று ஆசிரியருக்கே பதற்றம் வரும். வெளியே தலைமையாசிரியர் நடந்துபோனால் பதற்றம் இன்னும் கூடும். அந்த மௌனமும் பாடம்தான் என்பதைத் தலைமையாசிரியரும் கல்வி அலுவலரும் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு பானை, ஐந்து கேள்விகள்

நேரம் கொடுத்தால் போதுமா, என்ன கேட்பது என்று ஓர் ஆசிரியர் கேட்கலாம். எல்லோருக்கும் தெரிந்த ஒரு கேள்வியையே எடுத்துக்கொள்வோம். ‘மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது?’ வழக்கமான விடை இது: பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகிறது, ஆவியாகத் தேவையான வெப்பத்தைப் பானையிலிருந்தும் உள்ளே இருக்கும் நீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது, அதனால் நீர் குளிர்கிறது. இரண்டு மதிப்பெண். கைடில் இருக்கிறது. ஒப்பித்தால் முடிந்தது.

இந்த விடையை ஆசிரியரே முதலில் சொல்லிவிடட்டும். மறைத்து வைக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகுதான் உண்மையான வகுப்பு தொடங்குகிறது. மே மாதத்தில் ஒரே மாதிரி இரண்டு பானைகளில் தண்ணீர் ஊற்றி, ஒன்றைச் சென்னைக் கடற்கரையை ஒட்டிய வீட்டிலும் மற்றதை வேலூரிலும் வைத்தால் எதில் தண்ணீர் அதிகம் குளிரும்? அடைமழை நாளில் அதே பானை ஏன் முன்புபோல் குளிரவைப்பதில்லை? அழகுக்காகப் பானைக்கு வெளியே முழுக்க பெயின்ட் அடித்தால் என்ன ஆகும்? எவர்சில்வர் குடத்தைச் சுற்றி ஈரத்துணியைக் கட்டினால் தண்ணீர் குளிருமா? மூலையில் இருக்கும் பானையைக் காற்று வரும் சன்னலோரம் நகர்த்தி வைத்தால்?

இந்த ஐந்துக்கும் தேவையான அறிவு அந்த இரண்டு மதிப்பெண் விடைக்குள்ளேயே இருக்கிறது. ஆனால், அதை மனப்பாடம் செய்தவரால் மட்டும் இவற்றுக்குப் பதில் சொல்லிவிட முடியாது. அதைப் புரட்டிப் பார்த்து, எது எதைப் பாதிக்கிறது என்று பிரித்தறிய வேண்டும்.

“மண்ணே குளிர்ச்சிதானே டீச்சர்” என்று ஒரு மாணவி சொல்லக்கூடும். வீட்டில் பாட்டி சொல்லிக் கேட்டிருப்பாள். ‘தப்பு, உட்கார்’ என்று சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும். “சரி, பெயின்ட் அடித்த பானையும் மண்ணால் செய்ததுதானே? அது ஏன் குளிரவைக்க மாட்டேங்குது?” என்று கேட்டால் அந்த மாணவியோடு சேர்ந்து வகுப்பே யோசிக்கத் தொடங்கும். அடுத்து, “இதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது?” என்று கேட்கலாம். ஒரே அளவு பானை வேண்டும், ஒரே அளவு தண்ணீர் வேண்டும், இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும், பெயின்ட் ஒன்று மட்டும்தான் வித்தியாசமாக இருக்க வேண்டும் என்று மாணவர்களே சொல்லி முடிக்கும்போது, ஆய்வு என்றால் என்ன என்பதை அவர்கள் கற்றுவிட்டார்கள். இரண்டு பானைக்கும் ஒரு வெப்பமானிக்கும் ஆகும் செலவு எந்தப் பள்ளிக்கும் பாரமல்ல.

கணக்கிலும் வரலாற்றிலும்

கணிதத்தில் இதைச் செய்ய எளிய வழி, கேள்வியைத் திருப்பிப் போடுவது. நீளம் 8 செ.மீ., அகலம் 3 செ.மீ. என்று கொடுத்துப் பரப்பளவு கேட்டால் பெருக்கத் தெரிந்தவர் 24 என்று சொல்லிவிடுவார். பரப்பளவு 24 சதுர செ.மீ. என்று கொடுத்து, எத்தனை விதமான செவ்வகங்கள் வரையலாம், அவற்றில் எதன் சுற்றளவு குறைவு என்று கேட்டுப் பாருங்கள். 24-ம் 1-ம் போட்டால் சுற்றளவு 50. 12-ம் 2-ம் போட்டால் 28. 8-ம் 3-ம் போட்டால் 22. 6-ம் 4-ம் போட்டால் 20. பரப்பளவு மாறாதபோதே சுற்றளவு பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. ஏன்? முழு எண்ணாக இருக்க வேண்டியதில்லை என்றால் இன்னும் குறைக்க முடியுமா? சதுரத்தை நெருங்க நெருங்கக் குறைகிறது என்று ஒரு மாணவர் தானே கண்டுபிடிக்கிற இடம் அது. ஒரே கேள்வியில், வாய்ப்பாடு மட்டும் தெரிந்த மாணவருக்கும் வேலை இருக்கிறது. வகுப்பில் முந்தி நிற்பவருக்கும் வேலை இருக்கிறது.

வரலாற்றில், 1806 வேலூர்ப் புரட்சிக்கான காரணங்களை வரிசையாக எழுதச் சொல்வது வழக்கம். புதிய தலைப்பாகை, அதில் வைத்த தோல் குஞ்சம், நெற்றியில் சமயக் குறி இடத் தடை, தாடி பற்றிய கட்டுப்பாடு, கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் குடும்பம் என்று பட்டியல் நீளும். ‘தலைப்பாகை உத்தரவு வராமலே இருந்திருந்தால் புரட்சி நடந்திருக்காதா?’ என்று கேட்டால், அதே பட்டியலில் எது நெடுநாள் அதிருப்தி, எது உடனடித் தூண்டுதல் என்று மாணவர் தரம்பிரித்தாக வேண்டும். புரட்சிக்குப் பிறகு ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் தலைமைத் தளபதி ஜான் கிரடாக்கும் ஏன் திருப்பி அழைக்கப்பட்டார்கள் என்று சேர்த்துக் கேட்டால், கம்பெனியே எதைக் காரணமாகக் கருதியது என்பதும் விவாதத்துக்கு வரும். இதற்கு ஒரே சரியான விடை கிடையாது. ஆனால், ஆதாரம் உள்ள விடை, ஆதாரம் இல்லாத விடை என்ற வேறுபாடு உண்டு. அதைக் கற்பதுதான் வரலாறு படிப்பது.

பக்கத்தில் இருப்பவரிடம் பேசு

சிந்தனை தனியாக உட்கார்ந்து செய்கிற வேலை மட்டும் அல்ல. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் கால் பங்குதான் சேரும். உடன் பயில்வோரோடு பழகிக் கற்பதால் இன்னொரு கால் பங்கு. பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் மீதி அரைப் பங்கு நிறையும் என்று கணக்குப் போட்டவர், 13-ஆம் நூற்றாண்டில் நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர். நம் வகுப்பறையோ முதல் கால் பங்கோடு கதவைச் சாத்திவிடுகிறது. ‘பேசாதே’ என்பதுதான் அங்கே அதிகம் ஒலிக்கும் கட்டளை.

ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1990-களில் இதே முடிவுக்கு வேறு பாதையில் வந்து சேர்ந்தார். கடினமான கணக்குகளைப் போட்டுவிடும் தன் மாணவர்கள், விசை பற்றிய அடிப்படைக் கேள்வியில் தடுமாறுவதைப் பார்த்து, விரிவுரையை நடுநடுவே நிறுத்தினார். கருத்தைச் சோதிக்கும் ஒரு கேள்வி, ஒவ்வொருவரும் தனித்தனியே விடையைத் தேர்வு செய்ய வேண்டும், பிறகு வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரோடு இரண்டு நிமிடம் வாதிட வேண்டும், மறுபடியும் தேர்வு. ஆசிரியர் விளக்கம் கடைசியில்தான். சரியான விடை சொன்ன மாணவர், தவறான விடை சொன்னவரைச் சம்மதிக்கவைக்கப் பாடுபடும்போது இருவருமே கற்கிறார்கள். நேற்றுவரை தனக்கும் அது குழப்பமாக இருந்ததால், எந்த இடத்தில் தடுக்கும் என்பது அந்த மாணவருக்கு ஆசிரியரைவிட நன்றாகத் தெரிகிறது.

நம் வகுப்புக்கு இதற்கென்று கருவி எதுவும் வேண்டாம். விடை 1, 2, 3, 4 என்றால் மாணவர்கள் அத்தனை விரலை நெஞ்சோடு ஒட்டிக் காட்டினால் போதும். பக்கத்தில் இருப்பவர் பார்த்துக் காப்பியடிக்க முடியாது, ஆசிரியர் ஒரே பார்வையில் வகுப்பின் நிலையை அறிந்துகொள்ளலாம். ஏறக்குறைய எல்லோரும் சரி என்றால் மேலே போகலாம். யாருக்குமே தெரியவில்லை என்றால் மறுபடி நடத்தலாம். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் பேசவிட வேண்டும்.

மெல்லக் கற்போர் என்ற முத்திரை

இதற்கு வரும் எதிர்வாதங்களை நான் மதிக்கிறேன். “வாசிக்கவே திணறுகிற பிள்ளைகளிடம் உயர் சிந்தனையைப் பற்றிப் பேசுவதா?” என்பது முதல் வாதம். அதில் உண்மை இருக்கிறது. வாய்ப்பாடு தெரியாமல் கணக்கில் யோசிக்க முடியாது. சொல் வளம் இல்லாமல் கட்டுரையில் வாதிட முடியாது. மனப்பாடம் சிந்தனைக்கு எதிரி அல்ல. யோசிக்கத் தேவையான சரக்கை அதுதான் மூளையில் சேர்த்து வைக்கிறது. கொரோனா காலக் கற்றல் இழப்பை ஈடுகட்ட 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அடிப்படைத் திறனை முதன்மைப்படுத்தியது சரியான முடிவு.

தவறு வேறு இடத்தில் நடக்கிறது. பெஞ்சமின் புளூமும் அவர் குழுவினரும் 1956-இல் வகுத்த ஆறு நிலைகளைப் பி.எட். படித்த எல்லோருக்கும் தெரியும். நினைவில் நிறுத்துவதில் தொடங்கி மதிப்பிடுவது வரை போகும் அந்த வரிசையை நாம் படிக்கட்டாகப் புரிந்துகொண்டுவிட்டோம். கீழ்ப்படியில் நிற்பவர் அங்கேயே நின்று, எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து முடித்த பிறகுதான் மேலே வரலாம் என்று ஆக்கிவிட்டோம். விளைவு, பத்தாம் வகுப்பில் ‘மெல்லக் கற்போர்’ என்று பிரிக்கப்பட்ட மாணவருக்கு ஜனவரியிலிருந்து கிடைப்பது, பாஸ் மார்க் வாங்குவதற்கான மினிமம் மெட்டீரியல் மட்டும். அதையே பத்து முறை, இருபது முறை எழுதிப் பார்க்கிறார். யோசிக்கச் சொல்லி ஒரு கேள்விகூட அவரைத் தேடி வருவதில்லை. அவர் பெரும்பாலும் வீட்டில் படிக்கச் சொல்லித்தர ஆள் இல்லாத, முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளை. கட்டணம் கட்டிப் படிக்கும் பள்ளிகளில் விவாத மேடையும் செயல்திட்டமும் கிடைக்கும்போது, அரசுப் பள்ளியில் பின்வரிசையில் இருக்கும் பிள்ளைக்கு எழுத்துப் பயிற்சி மட்டும் என்றால், அது சமூக நீதி பேசும் மண்ணுக்கு அடுக்காது. மண்பானையைப் பற்றிப் பேச வாசிப்பு வேகம் தேவையில்லை. அந்தப் பேச்சில் கலந்துகொண்ட பிள்ளைக்குப் பாடத்தை வாசிக்க ஒரு காரணமும் கிடைக்கும்.

தேர்வு என்ற சுவர்

“போர்ஷனை முடிக்க வேண்டும், பொதுத்தேர்வில் தேர்ச்சி விகிதம் காட்ட வேண்டும், எமிஸ் இணையதளத்தில் விவரங்களைப் பதிவேற்ற வேண்டும், இதற்கெல்லாம் நேரம் எங்கே?” என்பது இரண்டாவது வாதம். ஆசிரியரின் இந்தக் கேள்விக்கு அரசுதான் பதில் சொல்ல வேண்டும். தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் வகுப்பு நடத்தும். வினாத்தாளில் பாடநூலின் பின்பக்கத்தைத் தாண்டி நான்கு கேள்விகள் வந்துவிட்டால் ‘தேர்வு கடினம், மாணவர்கள் கண்ணீர்’ என்று செய்தி வருகிறது. கருணை மதிப்பெண் கோரிக்கை எழுகிறது. யோசித்துப் பழகாத பிள்ளையைத் தேர்வறையில் திடீரென்று யோசிக்கச் சொன்னால் கண்ணீர் வரத்தான் செய்யும்.

15 வயது மாணவர்கள் படித்ததைப் புதிய சூழலில் பயன்படுத்துகிறார்களா என்று அளக்கும் பன்னாட்டுத் தேர்வான பீசாவில், 2009 சுற்றின் நீட்சியாகத் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 2011 டிசம்பரில் முடிவு வந்தபோது, 70-க்கும் மேற்பட்ட நாடுகள், பகுதிகளின் பட்டியலில் இரண்டும் அடிமட்டத்தை ஒட்டி இருந்தன. கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி அடுத்தடுத்த சுற்றுகளிலிருந்து இந்தியா விலகி நின்றது. அந்தக் குறையில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனால், தேர்வை விட்டு விலகினோமே தவிர, அது காட்டிய பலவீனத்தைச் சரிசெய்யவில்லை.

அரசுப் பள்ளிகளில் இது சாத்தியமா என்று சந்தேகப்படுபவர்கள் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தைப் பார்க்க வேண்டும். 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், 1978-இல் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. குழந்தைகள் சிறு குழுக்களாகச் சோதனை செய்தார்கள். பார்த்ததைத் தங்கள் சொந்த வார்த்தையில் எழுதினார்கள். பாடநூலில் கேள்விகள் இருந்தன, விடைகள் இல்லை. தேர்வுக்குப் புத்தகத்தையும் நோட்டையும் கொண்டுபோக அனுமதி இருந்தது. திறந்த புத்தகத்தில் விடை கிடைக்காத கேள்விகளைத் தயாரிக்க ஆசிரியர்கள் பயிற்சி பெற்றார்கள். மாதந்தோறும் கூடித் தங்கள் வகுப்பு அனுபவங்களைப் பேசினார்கள். சாதாரண கிராமத்துப் பள்ளிகளில், சாதாரண ஆசிரியர்களைக் கொண்டு 30 ஆண்டுகள் நடந்த திட்டம் அது. 2002-இல் அரசு அதை நிறுத்தியது. ஆனால், முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாதபடி அது செய்து காட்டிவிட்டது.

கையில் கிடைத்திருக்கும் ஓராண்டு

இப்போது தமிழ்நாட்டுக்கு ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தேர்வு 2017-18-இல் ஏன் வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே ஓரங்கட்டிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு ஆண்டுகள் நடத்தின. அதைத் தடுக்க வந்த தேர்வு, நெருக்கடியைத்தான் கூட்டியது. தேர்வு போய்விட்டது, பழைய வழக்கம் திரும்பி வருமா, அந்த ஓராண்டு உண்மையான கற்றலுக்குக் கிடைக்குமா என்பது இனி எடுக்கப்போகும் முடிவுகளில்தான் இருக்கிறது.

அரசு ஐந்து காரியங்களைச் செய்யலாம். பொதுத்தேர்வு இல்லாத ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளில் ஒவ்வொரு பாடத்திலும் ஒரு பருவத் தேர்வையாவது புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் தேர்வாக மாற்ற வேண்டும். பத்து, பன்னிரண்டாம் வகுப்பு வினாத்தாளில் புதிய சூழலில் யோசிக்க வேண்டிய கேள்விகளுக்கு எவ்வளவு மதிப்பெண் என்பதைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே அறிவித்து, ஆண்டுக்கு ஆண்டு மெதுவாகக் கூட்ட வேண்டும். விடை தவறினாலும் காரணம் சரியாக இருந்தால் மதிப்பெண் உண்டு என்று திருத்துவோருக்குச் சொல்ல வேண்டும். குறுவள மையக் கூட்டங்களைச் சுற்றறிக்கை வாசிக்கும் இடமாக விட்டுவிடாமல், ஜப்பானிய ஆசிரியர்கள் செய்வதுபோல் ஒரே ஒரு பாடத்தை எடுத்து, அதற்கான கேள்விகளைச் சேர்ந்து தயாரித்து, ஒருவர் நடத்த மற்றவர்கள் மாணவர்களைக் கவனித்துப் பேசும் இடமாக ஆக்க வேண்டும். வகுப்பை ஆய்வு செய்ய வரும் அலுவலர், எத்தனை பாடம் முடிந்தது என்று கேட்பதோடு, மாணவர்கள் என்ன கேள்வி கேட்டார்கள் என்றும் கேட்க வேண்டும்.

ஆசிரியர்கள் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. வாரத்துக்கு ஒரு பீரியட், பாடத்துக்கு ஒரு கேள்வி, அந்தக் கேள்விக்கு மூன்று விநாடி என்று தொடங்கலாம். பெற்றோரும், “இன்னைக்கு எவ்வளவு மார்க்?” என்று கேட்கும் வாயால், “இன்னைக்கு டீச்சர்கிட்ட என்ன கேட்ட?” என்று ஒரு முறை கேட்கலாம். நாளை இந்தப் பிள்ளைகள் வாக்களிப்பார்கள், வேலை தேடுவார்கள், கைபேசியில் வரும் ஆயிரம் செய்திகளில் எது உண்மை எது பொய் என்று தீர்மானிப்பார்கள். அந்தக் கேள்விகளுக்கு எந்தக் கைடிலும் விடை இருக்காது. அவற்றை எதிர்கொள்ளும் பயிற்சியை அவர்களுக்குப் பள்ளி தர வேண்டும். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதை முதலில் தர வேண்டும்.